இறக்குமதியை நிறுத்தினால் நாட்டு வருமானம் கூடுமா? (இலங்கையின் 1970–77 மிளகாய்க் காலத்தை முன்வைத்து ஓர் இணைய வாக்குவாதம்)

சுன்னாகம் தோட்டக்காரன்:
மகள் உயர்தரத்துக்குப் பொருளியல் படிக்கிறாள். நேற்று இரவு அவளுடைய கொப்பியைப் புரட்டினேன். மக்கள் செலவு, முதலீடு, அரசாங்கச் செலவு மூன்றையும் கூட்டி, அதோடு ஏற்றுமதியைக் கூட்டி, இறக்குமதியைக் கழித்தால் வருவதுதான் நாட்டு வருமானமாம். கழித்தால்! அப்படியென்றால் இறக்குமதி குறையக் குறைய வருமானம் கூடத்தானே வேண்டும்? முப்பது வருடமாக நான் தேநீர்க்கடையில் சொல்லி ஏச்சு வாங்கிய கதை பிள்ளையின் பாடக் கொப்பியிலேயே இருக்கிறது.

சான்று வேண்டுமென்றால் என் அப்பாவைச் சொல்கிறேன். 1970இல் வந்த சிறிமாவோ அரசாங்கம் வெளிநாட்டு மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு எல்லாவற்றுக்கும் கதவடைத்தது. அந்த ஏழு வருடத்தில் எங்கள் மண்வீடு கல்வீடானது. துலா போய் இறைக்கும் மெசின் வந்தது. அக்காவின் கலியாணம் செத்தல் மிளகாய்க் காசில்தான் நடந்தது. வன்னியில் விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த பொடியன்கள் காடு வெட்டி மிளகாய் நட்டு, கந்தோர் உத்தியோகத்தரை விட நன்றாக இருந்தார்கள். முந்திரிகைப் பந்தல்கூடப் போட்டோம், வெளிநாட்டுப் பழம் வராததால்.

77இல் ஜே.ஆர். ஜெயவர்தன ஆட்சிக்கு வந்தார், கதவைத் திறந்தார். அடுத்து வந்த ஒரு போகத்தில் அப்பா பழுத்த மிளகாயைப் பிடுங்காமல் செடியோடு விட்டார். பிடுங்குகிற கூலிகூடத் தேறாது என்று. சிவப்பாகக் காய்ந்து கிடந்த அந்தத் தறை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. திறந்த பொருளாதாரம் வருமானத்தைக் கூட்டியது என்று யாராவது சொன்னால் அந்தத் தறையைக் காட்டத்தான் கேட்கிறேன்.

பொருளியல் சேர்:
அண்ணை, கொப்பியில் இருப்பது சரி. நீங்கள் வாசித்த விதம்தான் பிழை. இருபது வருடமாக வகுப்பில் பிள்ளைகள் விடுகிற அதே பிழை, ஆகையால் கோபமில்லை.

இறக்குமதியை ஏன் கழிக்கிறோம்? அது ஏற்கெனவே மக்கள் செலவுக்குள் ஏறி உட்கார்ந்திருப்பதால். கடையில் ஒரு கிலோ மைசூர்ப் பருப்பு 300 ரூபாய்க்கு வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். கப்பலில் வந்து இறங்கியபோது அதன் விலை 240. மக்கள் செலவில் 300 ஏறுகிறது, இறக்குமதியில் 240 கழிகிறது. மிஞ்சுகிற 60 ரூபாய் துறைமுகத் தொழிலாளிக்கும் லொறிக்காரருக்கும் கடைக்காரருக்கும் போனது. இந்த நாட்டில் உண்டான வருமானம் அவ்வளவுதான். பருப்பை நிறுத்தினால் 240 மட்டும் மறையாது, 300உம் மறையும். கடைசியில் அந்த 60உம் போகும். கழித்தல் குறி இருப்பது கணக்கை நேராக்க. இறக்குமதி வருமானத்தைத் தின்கிறது என்று அதற்குப் பொருள் கிடையாது.

இலக்கமும் தருகிறேன். 1970–77இல் சராசரி வளர்ச்சி 3 வீதத்தைக்கூட எட்டவில்லை. கதவு திறந்த அடுத்த வருடம், 1978இல், 8 வீதத்தைத் தாண்டியது.

சுன்னாகம் தோட்டக்காரன்:
சேர், பருப்பு இந்த மண்ணில் விளையாது, அதை உதாரணம் காட்டி என்னை மடக்காதீர்கள். மிளகாய் விளையும். வெளி மிளகாயை நிறுத்தினால் அந்த 240உம் என் அப்பாவின் கைக்கு வருகிறது. 300 ரூபாயும் உள்ளூர் வருமானம். இதற்குச் சொல்லுங்கள் பதில்.

அப்புறம் உங்கள் 8 வீதம். அது வர்த்தகத்தால் வந்ததா, வெளிநாட்டுக்காரன் கொட்டிய காசால் வந்ததா? விக்டோரியா அணைக்கு பிரிட்டன், கொத்மலைக்கு சுவீடன், ரந்தெனிகலைக்கு மேற்கு ஜெர்மனி. அவ்வளவு சீமெந்தும் கம்பியும் ஒரு நாட்டில் இறங்கினால் கதவு மூடியிருந்தாலும் வருமானம் ஏறும்.

பொருளியல் சேர்:
இரண்டாவதில் பாதியைத் தருகிறேன். அந்த மகாவலித் திட்ட அணைகளுக்கு வந்த காசை ஒதுக்கிவிட்டு 77க்குப் பிந்திய வளர்ச்சியைப் பேச முடியாது. ஆனால் 78இல் அந்த அணைகள் இன்னும் எழவில்லை. முதலில் எழும்பியது ஆலைகளும் கடைகளும். 77க்கு முன் துணி ஆலைக்கு நூல் இல்லை, பட்டறைக்கு உதிரிப்பாகம் இல்லை, எல்லாம் உரிமத்துக்காகக் கந்தோர் வாசலில் காத்துக் கிடந்தன. மூலப்பொருள் வந்ததும் நின்றிருந்த மெசின்கள் ஓடின.

முதலாவது கேள்வி நல்ல கேள்வி. சும்மா இருந்த பொடியன்களும் சும்மா கிடந்த காடும் மிளகாய்க்குப் போனால் அது புது வருமானம்தான், மறுக்கமாட்டேன். 1971இல் இளைஞர் செய்த கிளர்ச்சிக்கு ஒரு பெரிய காரணம் படித்த பிள்ளைகளின் வேலையின்மை. ஆனால் அந்த 300 ரூபாய் எங்கிருந்து வந்தது? வெளி மிளகாய் வந்திருந்தால், பேச்சுக்கு, 150க்கு வாங்கியிருக்கக்கூடிய ஒரு சனத்தின் சட்டைப் பையிலிருந்து. உங்கள் கல்வீட்டில் ஒரு கல் அவர்களுடையது.

லயத்துப் பிள்ளை:
அந்தச் சனம் யாரென்று நான் சொல்கிறேன்.

அண்ணா, நீங்கள் தோட்டம் என்றால் மிளகாய்த் தோட்டம். நாங்கள் தோட்டம் என்றால் தேயிலை. நீங்கள் பொற்காலம் என்கிற 73, 74ஐ எங்கள் வீட்டில் பஞ்சக் காலம் என்றுதான் சொல்வார்கள். பங்கீட்டுக் கூப்பன் மா குறைந்தது, அரிசி குறைந்தது, தோட்டத்தில் வேலை நாளும் குறைந்தது. வேறு ஊரிலிருந்து அரிசி கொண்டுவர வழியெல்லாம் தடை. அம்மாவுக்கு அப்போது பதினொரு வயது. பெரிய லயத்தின், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டின், கடைசிக் காம்பிராவில் கிழவி ஒருத்தி காட்டுக் கீரை அவித்துத் தின்றே இருந்து, ஒரு விடியலில் கொழுந்துக்குப் போகிறவர்கள் கதவைத் தட்ட எழும்பவில்லை. அம்மா அதை எப்போதும் மெதுவான குரலில்தான் சொல்வார். அந்த வருடங்களில் தோட்டங்களில் இறப்பு வீதம் ஏறியது அரசாங்கக் கணக்கிலேயே இருக்கிறது.

இதில் கசப்பு எங்கே என்றால், அந்த நாட்டுக்கு டொலர் கொண்டுவந்தது அந்தக் கிழவியின் கை. தேயிலைதான் அன்றைக்குப் பெரிய ஏற்றுமதி. ஏற்றுமதி செய்தவள் பட்டினி, இறக்குமதியை நிறுத்தியதால் பிழைத்தவர்கள் வேறு ஆட்கள். பஞ்சத்துக்கும் அடிக்கும் பயந்து எங்கள் சனத்தில் எத்தனையோ குடும்பம் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் இறங்கியது. விசுவமடு மிளகாயைக் கூலிக்குப் பிடுங்கியது யாரென்று உங்கள் அப்பாவிடம் கேட்டிருக்கிறீர்களா?

சுன்னாகம் தோட்டக்காரன்:
தங்கச்சி, பிடுங்கியது உங்கள் ஆட்கள்தான். அதை நான் முதலில் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை.

ஆனால் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 73இல் எண்ணெய் விலை நாலு மடங்கானது. உலகச் சந்தையில் கோதுமை, அரிசி, சீனி எல்லாம் ஏறியது. அரசாங்கத்தின் கையில் டொலர் இல்லை, மாவைக் குறைத்தது. மிளகாயைத் தடுத்ததால் மா குறையவில்லையே.

பொருளியல் சேர்:
அண்ணை, நீங்களே என் பாடத்தை எடுக்கிறீர்கள். எண்ணெய் விலை ஏறி, தேயிலை அதே வேகத்தில் ஏறாவிட்டால் ஒரு பீப்பாய்க்கு முன்னை விட அதிகத் தேயிலை கொடுக்க வேண்டும். நாடு அதே அளவு உழைத்தாலும் வாங்கும் பலம் குறைகிறது. இதற்குத்தான் வர்த்தக மாற்று விகிதம் என்று பெயர். தேயிலை, இறப்பர், தேங்காய் என்று மூன்று பொருளையே நம்பியிருந்த நாட்டுக்கு அது 60களிலேயே தேயத் தொடங்கிவிட்டது. தேய்ந்ததால்தான் டொலர் இல்லை, டொலர் இல்லாததால்தான் கதவடைப்பு. அதைத் தீர்க்க வழி புதிதாக எதையாவது விற்பது. 70–77இல் அது போதிய அளவில் நடக்கவில்லை.

மஞ்சள் மூட்டை:
பெரிய ஆட்கள் பேசுகிற இடத்தில் ஒரு சின்னக் குறுக்கீடு. 2020இல் மஞ்சள் இறக்குமதியை நிறுத்தினார்களே, ஞாபகம் இருக்கிறதா? நூற்றுக்கணக்கில் விற்ற கிலோ ஆயிரக்கணக்கில் போனது. உள்ளூர்க் கமக்காரன் வளர்ந்தானோ இல்லையோ, தமிழ்நாட்டு மண்டபம் பக்கத்திலிருந்து படகில் மஞ்சள் மூட்டை ஏற்றியவனின் வருமானம் வளர்ந்தது. அது எந்த நாட்டு வருமானத்தில் சேரும் சேர்?

பொருளியல் சேர்:
பிடிபடாத வரை எந்தக் கணக்கிலும் சேராது.

வலயத்து அக்கா:
நான் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தில் பதினாலு வருடம் தைத்தவள். இப்போது ஊரில் சின்னத் தையல் கடை. வலயம் 78இல் ஆரம்பித்தது, அதைத்தான் 77இன் வெற்றி என்பார்கள். நான் தைத்த சேட்டை வைத்தே சேரின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது.

துணி உருளை வரும்போது மேலே சுற்றிய பொலித்தீனில் சீன எழுத்து இருக்கும். பட்டன், சிப், கொலருக்குள் வைக்கிற கன்வஸ், முக்கால்வாசி வெளியே இருந்து வரும். என் வேலை கொலர். மேல் கொலரையும் அடிக் கொலரையும் சேர்த்து முனையைத் திருப்பி ஓர் ஓட்டு ஓட்ட வேண்டும். முனை கூராக வரவில்லையென்றால் மேற்பார்வைக்காரர் திருப்பி எறிவார். மணித்தியாலத்துக்கு இத்தனை என்று பலகையில் எழுதியிருக்கும், சாக்குக் கட்டியால். பேச்சுக்கு, அந்தச் சேட்டு 10 டொலருக்குக் கப்பல் ஏறுகிறது, அதில் 5 டொலர் துணிக்கும் சாமானுக்கும் வெளியே போய்விட்டது என்றால், பேப்பரில் வருகிற ‘ஏற்றுமதி 10 டொலர்’ எங்களுக்கு 5தான். அந்த 5இல் முதலாளி வெளிநாட்டான் என்றால் இலாபம் மறுபடி வெளியே. மிச்சத்தில் என் சம்பளம்.

இதைச் சொல்லிவிட்டு இன்னொன்றும் சொல்கிறேன். அந்தச் சம்பளம் இல்லாமல் என் தம்பி படித்திருக்கமாட்டான். மூடிய காலத்தில் என்னைப் போன்ற பெட்டைக்கு வேலை என்று யார் கூப்பிட்டார்கள்? எட்டுப் பேர் ஒரே அறையில் பாய் போட்டுப் படுத்த போடிங் வாழ்க்கையை யாரும் பெருமையாகச் சொல்ல வேண்டாம். ஆனால் அந்தக் காசு உண்மை.

பொருளியல் சேர்:
அக்கா, இதை வகுப்பில் அப்படியே சொல்லப் போகிறேன். நீங்கள் சொன்ன இரண்டு கசிவுக்கும் இரண்டு வெவ்வேறு இடம். துணிக்குப் போன 5 டொலர் மொத்த உள்நாட்டு உற்பத்தியிலேயே ஏறாது. வெளிநாட்டு முதலாளியின் இலாபம் உள்நாட்டு உற்பத்தியில் ஏறும், ஆனால் தேசிய வருமானத்துக்கு வரும்போது கழியும். ஆகவே ‘ஏற்றுமதி இத்தனை கோடி’ என்ற தலைப்பைப் பார்த்து யாரும் கைதட்டத் தேவையில்லை.

சுன்னாகம் தோட்டக்காரன்:
பார்த்தீர்களா! மிளகாயில் இந்தக் கசிவு எதுவும் இல்லை. என் நிலம், என் கிணறு, என் வியர்வை. ஒரு ரூபாய் விளைந்தால் ஒரு ரூபாய் இங்கேயே.

திருப்பூர்க்காரன்:
வணக்கங்க. கொஞ்ச நேரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், நானும் ஒரு வார்த்தை. எங்களிடம் இரண்டு சந்தை. காதர்பேட்டையில் உள்நாட்டுக்கு பனியன், ஜட்டி விற்கிறார்கள். மற்றவர்கள் வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டது. நான் ஜாப் ஒர்க் எடுக்கிற கம்பெனியில் வெட்டி வைத்த துணி அப்படியே நின்றது. அப்போது உங்கள் நாட்டுக்கு 20தான். அந்த வாரம் எங்கள் டீக்கடையில் இலங்கைப் பேச்சுத்தான்.

ஆனால் நாங்கள் விழுந்தாலும் தாங்கிப் பிடிக்க உள்ளே நூற்று நாற்பது கோடிப் பேர் இருக்கிறார்கள். உங்களுக்கு ஏறக்குறைய இரண்டு கோடியே இருபது லட்சம். அதுக்குள்ளேயே விற்று எத்தனை ஆலை ஓடும்? மூடிக்கொள்வது பெரிய நாட்டுக்கே கட்டவில்லை, 91இல் நாங்களே திறந்தோம். சின்ன நாடு எப்படித் தாங்கும்?

இன்னொரு பக்கமும் இருக்கு, அதையும் சொல்லிவிட வேண்டும். ஏற்றுமதி ஏற ஏற எங்கள் நொய்யல் சாயமானது. பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியானது. கீழ்ப்பக்கத்து விவசாயிக்குத் தென்னையும் போச்சு, கிணறும் போச்சு. 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் கழிவைச் சுத்திகரிக்கிற வேலை உருப்படியாக நடந்தது. சட்டை விற்ற டாலர் வருமானத்தில் ஏறியது. கிணறு போனது எந்தக் கணக்கில் கழிந்தது?

பொருளியல் சேர்:
எதிலும் கழியவில்லை தம்பி. அது எங்கள் சமன்பாட்டின் ஓட்டை, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் தோட்டக்கார அண்ணையை விடமாட்டேன். ‘ஒரு ரூபாய் விளைந்தால் ஒரு ரூபாய் இங்கேயே’ என்றீர்கள். இறைக்கும் மெசின் எந்த ஊர்? அதற்கு ஊற்றிய மண்ணெண்ணெய் எந்த ஊர்? பசளை? 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தினார்களே, உங்கள் கருத்துப்படி அது வருமானத்தைக் கூட்டியிருக்க வேண்டும். நடந்தது என்ன? நெல் விழுந்தது, தேயிலை விழுந்தது, மிச்சம் பிடித்த டொலரை விட அதிகமாக அரிசிக்கும் நட்டஈட்டுக்கும் போனது. நவம்பரில் தடையைத் தூக்கினார்கள், அதற்குள் பெரும்போகம் கெட்டுவிட்டது.

சுன்னாகம் தோட்டக்காரன்:
2021 ஐப் பற்றிப் பேசாதீர்கள் சேர், வயிறு எரிகிறது. அந்த வருடம் ஓர் அந்தர் யூரியாவுக்கு நான் அலைந்த அலைச்சல் எனக்குத்தான் தெரியும். மெசினும் மண்ணெண்ணெயும் வெளியே இருந்துதான், சரி. அப்போதும் அப்படித்தான்.

ஆனால் இதற்குப் பதில் சொல்லுங்கள். 77இலிருந்து 45 வருடம் கதவு திறந்தே இருந்தது. 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கையை விரித்தார்கள். அந்த வருடம் பொருளாதாரம் 7 வீதத்துக்கு மேல் சுருங்கியது. எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் மறுபடி வரிசை. மூடினாலும் வரிசை, திறந்தாலும் வரிசை. அப்படியானால் திறந்து என்ன கண்டோம்?

பொருளியல் சேர்:
திறந்தே இருந்ததா? இதைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். 2000ஆம் ஆண்டில் பொருள், சேவை ஏற்றுமதி மொத்த உற்பத்தியில் 39 வீதமளவு. 2010களில் 20ஐ ஒட்டி வந்து நின்றது. போர் முடிந்த பிறகு வீதி போட்டோம், கட்டடம் கட்டினோம், செஸ் என்றும் துறைமுக விமான நிலைய வரி என்றும் இறக்குமதிமேல் அடுக்கடுக்காக ஏற்றினோம். 2007இல் 50 கோடி டொலருக்கு முதல் சர்வதேசப் பிணைமுறி (கடன் பத்திரம்) விற்று, அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது. வாங்குகிற கதவு பாதி திறந்திருந்தது, விற்கிற கதவு சாத்திக்கொண்டே வந்தது, இடையில் உள்ள பள்ளத்தைக் கடன் நிரப்பியது. 2019 கடைசியில் வரியையும் வெட்டினார்கள். கொரோனாவில் சுற்றுலாக் காசும் நின்றதும் பள்ளம் வெளியே தெரிந்தது.

ரொறொன்ரோ மாமா:
1960 அளவில் தென்கொரியா எங்களை விட வசதியான நாடு இல்லை. அவர்கள் மேலே போனார்கள், நாங்கள் இங்கே பனி தள்ளுகிறோம். கொரியா தன் தொழிலைப் பொத்திப் பொத்தித்தான் வளர்த்தது, அதை ஏன் யாரும் சொல்வதில்லை?

பொருளியல் சேர்:
சொல்கிறேன் மாமா. பொத்தினார்கள், ஆனால் ஏற்றுமதி இலக்கை எட்டுகிற கம்பனிக்குத்தான் மலிவுக் கடன். வெளிச்சந்தையில் விற்றுக் காட்டு, உள்ளே காவல் தருகிறேன் என்பது அவர்கள் கணக்கு. எங்கள் மிளகாய்க்கு யாரும் அப்படி எதையும் கேட்கவில்லை. விளைச்சலைக் கூட்டு, விலையைக் குறை என்று ஏழு வருடத்தில் ஒரு நிபந்தனைகூட இல்லை.

லயத்துப் பிள்ளை:
தேயிலைக்குக் கேட்டார்கள் சேர். கொழுந்து கிலோவைக் கூட்டு என்று தினமும் கேட்கிறார்கள். விற்றும் காட்டினோம், நூற்றைம்பது வருடமாக. அதனால் உங்கள் கொரியக் கதையில் சம்பளத்தையும் ஓர் இடத்தில் சேருங்கள்.

சுன்னாகம் தோட்டக்காரன்:
தங்கச்சி சொல்வதோடு எனக்கு வாக்குவாதம் இல்லை.

இன்றைக்குப் பகல் ஒரு வேலை செய்தேன். மேசையில் கிடந்த மிளகாய் விதைப் பைக்கற்றை எடுத்துக் கண்ணாடி போட்டு வாசித்தேன். கலப்பின விதை, விளைந்தது இந்தியாவில். பத்து வருடமாக அதைத்தான் நடுகிறேன், ஒரு தடவைகூடத் திருப்பிப் பார்க்கவில்லை. மகள் பக்கத்தில் நின்று சிரித்தாள். சேர், இதை உங்கள் சமன்பாட்டில் எங்கே போடுவது?

பொருளியல் சேர்:
விதை இடைநிலைப் பொருள் அண்ணை. அதன் விலை உங்கள் மிளகாயின் விலைக்குள் போய்விடும், இறக்குமதியில் கழியும். மிஞ்சுவது உங்களுடையது.

சுன்னாகம் தோட்டக்காரன்:
மிஞ்சினால் பார்ப்போம். எனக்கு இப்போது ஒரேயொரு விடயம்தான் தெரிய வேண்டும். மாசி கடைசியில் உருளைக்கிழங்கு கிண்டுகிறோம். கிண்டுகிற கிழமையில் இறக்குமதி அறவீட்டை, அந்த வரியை, ஏற்றுவார்களா, இறக்குவார்களா? நள்ளிரவில் வர்த்தமானி (அரசிதழ்) வந்து விடிய மருதனார்மடச் சந்தையில் விலை மாறி நிற்கிறது. திறக்கட்டும், மூடட்டும், நடுகிறதற்கு முன்னமே சொல்லித் தொலைத்தால் என்ன?

வலயத்து அக்கா:
அண்ணா, இதே கேள்வியைத்தான் நாங்கள் துணி உருளைக்கும் கேட்டோம்.